அவருடைய பாதி

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் காலமாகிப்போன என் தங்கையின் பிள்ளைகள். ஆறில் ஒன்றும் வழிதவறிப் போகவில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும். ஆகவே நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் பேத்தி. எழுத்தில் பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள், விசயத்தில் பிழை இருந்தால் என்னைக் கேளுங்கள்.

இது நடந்தது போன வருடம், பாரிஸ் லாச்சப்பலில், நாங்கள் வந்த நாளிலிருந்து இருக்கிற நாலாம் மாடி வீட்டில். மின்தூக்கி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், மூடினால் கீழே மரக்கறிக்கடையில் பெட்டி இறக்குகிற சத்தம். ஆனால் அந்த வீட்டில் எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒரு சத்தம் இருந்தது. அது என் கணவருடைய குரல்.

இவர் ஊரில் மன்னார்க் கரையில் மீன் ஏலம் கூறியவர். இவர் ஒரு விலை சொன்னால் அடுத்த மீன்வாடியில் வலை பின்னுகிறவனும் நிமிர்ந்து பார்ப்பான். இங்கே வந்து ஓர் உணவகத்தின் நிலக்கீழ் அறையில் இருபது வருடத்துக்கு மேல் கோப்பை கழுவினார். கோப்பைக்குக் குரல் தேவையில்லை, பிரெஞ்சும் தேவையில்லை. அதனால் பகல் முழுக்கப் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். இரண்டாம் மாடியில் கால் வைக்கும்போதே என்னைக் கூப்பிட்டு, “இஞ்சாரும், கதவைத் திறவும்!” என்பார். எனக்கு முன்னால் மூன்றாம் மாடிக் கிழவி கதவைத் திறந்து பார்ப்பாள்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய கிழமை ஒரு காலையில், நான் நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினார். வாங்கிய கை அதைப் பிடிக்கவில்லை. கோப்பை விழுந்து உடைந்தது. ஏனப்பா என்று கேட்டுக்கொண்டே முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பாரிசவாதம்.

ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். பங்குனி முடிய வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலது கையும் காலும் அரைவாசி வேலை செய்தன. பேச்சுப் போய்விட்டது. எஞ்சியிருந்தது ஒரே ஒரு சத்தம், “தோ.” தண்ணீருக்கும் தோ, கோபத்துக்கும் தோ, பூசைக்குப் போய்வந்த என்னைக் கண்ட சந்தோசத்துக்கும் தோ. நாங்கள் சொல்வது எல்லாம் அவருக்கு விளங்கியது, கண்ணைப் பார்த்தாலே தெரியும். வெளியே வருவதற்குத்தான் வழி இல்லை.

எனக்கா தெரியாது அவரை? ஐம்பது வருடத்துக்கு மேல் சமைத்துப் போட்டவள். அவர் கண்ணைத் திருப்ப முன் தண்ணீர் கொடுத்தேன். தலையணையைச் சரிசெய்தேன். பார்க்க வருகிறவர்கள், “அண்ணை, எப்பிடி இருக்கிறியள்?” என்று அவரைக் கேட்டால், “பரவாயில்லை, ராத்திரி நல்லா நித்திரை கொண்டவர்” என்று நான் பதில் சொன்னேன். அவர் வாயைத் திறக்கவே தேவையில்லாத மாதிரி வீட்டை நடத்தினேன். கெட்டிக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குடும்ப வைத்தியர் ஒரு கடதாசி எழுதித் தந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் வீட்டுக்கே வருவாராம். ஓர்த்தோபோனிஸ்ட் என்று பெயர். எனக்குச் சிரிப்பு வந்தது. எழுபத்தொன்பது வயதுக் கிழவனுக்கு அ, ஆ படிப்பிக்க யார் நாலு மாடி ஏறி வரப்போகிறார்கள்?

“எவ்வளவு கேப்பினம்?” என்று லா கூர்னெவில் இருக்கிற என் மூத்த மகளைக் கேட்டேன்.

“ஒண்டும் இல்லை அம்மா. அப்பாவுக்கு இப்ப நூறு வீதம். இந்த வருத்தத்துக்கு எல்லாம் அரசாங்கக் காப்புறுதி.”

“கதைக்கிறதுக்குமோ?”

“ஓம், கதைக்கிறதுக்கும்.”

நான் நம்பவில்லை. கீழே கடைக்காரப் பெண்ணும் நம்பவில்லை. “அக்கா, உவங்கள் சும்மா விடமாட்டாங்கள். பேந்து ஒரு நாளைக்குக் காசு கேட்டு வீட்டுக்குக் கடதாசி வரும், இருந்து பாருங்கோ” என்றாள்.

புதன்கிழமை பின்னேரம், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அந்தப் பிள்ளை வந்தாள். என் கடைசி மகளின் வயது இருக்கும். கட்டை மயிர், கையில் சைக்கிள் தொப்பி, மூச்சு வாங்க நின்றாள். புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் அரைநாள் என்பதால் பேத்தி வீட்டில் இருந்தாள், அவள்தான் மொழிபெயர்ப்பு. அந்தப் பிள்ளை இவருடைய பச்சைக் காப்புறுதி அட்டையை வாங்கி, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவிக்குள் செருகி எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். நான் கைப்பையைத் திறந்துகொண்டு நின்றேன். “நோ, நோ மதாம்” என்று கையை அசைத்தாள். அவ்வளவுதான். இன்றுவரை ஒரு கடதாசியும் வரவில்லை.

ஆனால் என்னைத் திகைக்க வைத்தது அது அல்ல, அவள் கேட்ட முதல் கேள்வி.

“வீட்டிலை என்ன பாசை கதைச்சவர் எண்டு கேக்கிறா” என்றாள் பேத்தி.

“தமிழ்தான். இனி பிரெஞ்சு படிப்பிக்கப் போறாவாமோ?”

பேத்தி கேட்டுவிட்டுச் சொன்னாள். “மே நோ, அம்மம்மா! தாத்தா துலைச்சது தமிழாம். அப்ப தமிழைத்தானாம் தேடோணும்.”

அந்தப் பிள்ளைக்குத் தமிழில் வணக்கம் கூடத் தெரியாது. தனக்குத் தெரியாத ஒரு மொழியை கோப்பை கழுவின ஒரு மனிதனின் தலைக்குள் போய்த் தேடி எடுத்துக் கொடுக்க வந்திருக்கிறாள். அதற்கு ஒரு நாடு சம்பளம் கொடுக்கிறது. நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

கிழமைக்கு இரண்டு தரம் வந்தாள். குடை, மீன், சாவி என்று படங்களைக் காட்டுவாள். பேத்தி தமிழில், “தாத்தா, இது என்ன?” என்று கேட்பாள். “குடை” என்பேன் நான்.

“அம்மம்மா, உங்களை இல்லையாம் கேட்டது.”

அடுத்த படத்துக்கும் நான்தான் பதில் சொன்னேன். அந்தப் பிள்ளை எழும்பி வந்து, என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், இவருக்குப் பின்னால் இருந்த கதிரையில் இருத்தினாள். என் வீட்டில் என்னை இடம் மாற்றி இருத்தியது அவள் ஒருத்திதான். அதுவும் சிரித்துக்கொண்டு செய்தாள், கோபிக்கவும் முடியவில்லை.

சித்திரை போய் வைகாசி வந்தது. படங்களுக்கு எல்லாம் தோ. இவருக்கு அது வெறும் தோ என்று தெரியும், அதுதான் கொடுமை. வாயிலிருந்து வந்ததும் தலையைத் தலையை ஆட்டுவார். ஒரு நாள் படங்களை இடது கையால் தட்டி நிலத்தில் விழுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு தோவும் இல்லை. நான் ஏதாவது கேட்டால் கண்ணை மூடுவார். அந்தக் குரலுடைய மனிதன் இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு எடுத்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது. சாப்பாடும் குறைந்தது. இப்படியே போனால் ஆளே போய்விடும் என்று பயந்தேன்.

அந்தப் பிள்ளை படங்களை எடுத்துப் பையில் வைத்தாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். அவளோ, முன்பு இவர் யோசிக்காமல் தினமும் சொன்னது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். எண்ணுவது, பாட்டு, எதுவும் சரி.

“கோவம் வந்தா தாத்தா என்ன சொல்லுறவர் எண்டு கேக்கிறா” என்றாள் பேத்தி. “கெட்ட வார்த்தையும் பரவாயில்லையாம்.”

“இது மரியாதையான குடும்பம் எண்டு சொல்லு அவவுக்கு.”

“மீன் வாடியிலை சொல்லுறதுகள் இருக்குமே, அம்மம்மா.”

“வாயை மூடு!”

சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தவரின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார். அந்தப் பிள்ளை அதைக் கண்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

“செபமாலை சொல்லுவம்” என்றேன். “ஒவ்வொரு பின்னேரமும். கலியாணம் கட்டின நாளிலை இருந்து ஒரு நாளும் விட்டதில்லை.”

அது என்ன, எப்படி என்று அவள் கேட்டாள். கோவிலுக்குப் போகிற பிள்ளை இல்லைப் போலிருந்தது. மணிகளைக் காட்டினேன். ‘அருள் நிறைந்த’ என்று தொடங்கும் ஒரு செபத்தை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை ஒருவர் தொடங்க, மற்றப் பாதியை மற்றவர்கள் முடிப்பார்கள். மணிக்கு மணி அதுவே திரும்பத் திரும்ப வரும்.

“இப்பவும் சொல்லுறீங்களோ எண்டு கேக்கிறா.”

“ஓம். ஆனா அவரைக் கஷ்டப்படுத்தக் கூடாது எண்டு ரெண்டு பாதியையும் நானே சொல்லிவிடுறன்.”

பேத்தி இதைப் பிரெஞ்சில் சொன்னதும் அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, மிக மெதுவாக ஒரு வசனம் சொன்னாள்.

“அவருடைய பாதியை அவருக்கு விடட்டாம்” என்றாள் பேத்தி.

வெள்ளிக்கிழமை, அன்றைய கடைசி வேலையை முடித்துக்கொண்டு, எங்கள் செபநேரத்துக்கே வந்தாள். மாதா படத்துக்கு முன்னால் விளக்கைக் கொளுத்தினேன். இவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் படத்துக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து முதல் பாதியைச் சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

ஒன்றும் வரவில்லை. கீழே ரயில் போனது. இன்னொரு தரம் சொன்னேன். இவர் என்னை முறைத்துப் பார்த்தார். மூன்றாம் தரம் சொல்லும்போது இடது கையை எட்டி என் கையிலிருந்த செபமாலையைப் பிடித்து இழுத்தார். மணிகள் அறுந்துவிடும் போல் இருந்தது.

“செபமும் வேண்டாமாம் இவருக்கு” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. “மாதாவே, செபமும் வேண்டாமாம்.”

அந்தப் பிள்ளை அழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. இவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்டாள். பேத்தி சொன்னாள், “தாத்தா தட்டிவிடேல்லையாம் அம்மம்மா. தன்ரை பக்கம் இழுக்கிறாராம். முந்தி மாலையை ஆர் வைச்சிருக்கிறது எண்டு கேக்கிறா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தி யார் வைத்திருந்தது? இவர்தான். தொடங்குகிறவர் எப்போதும் இவர். நானும் பிள்ளைகளும் சுவரோரம் பாயில் இருந்து மற்றப் பாதியைச் சொல்லுவோம். ஐம்பது வருடத்தில் இந்த மனிதர் இரண்டாம் பாதியை ஒரு நாளும் சொன்னதில்லை. அவருடைய பாதி முதல் பாதி. அவருடைய கதிரையில் நான் இருந்துகொண்டு, அவருடைய மணியை நான் உருட்டிக்கொண்டு, எனக்குரிய பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எழும்பினேன். பேத்தியும் அந்தப் பிள்ளையும் இரண்டு பக்கமும் பிடிக்க, இவரை அந்தக் கதிரையில் இருத்தினோம். செபமாலையை இடது கையில் கொடுத்தேன். என் முழங்கால் இப்போது பாயில் இருக்க விடாது, ஆனாலும் சுவரைப் பிடித்து என் பழைய இடத்தில் இருந்தேன். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். சும்மா இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். என் நாக்கு நுனியில் அந்த முதல் சொல் துடித்துக்கொண்டே இருந்தது.

விளக்கு எரிந்தது. மரக்கறிக்கடையில் இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். அந்தப் பிள்ளை சைக்கிள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள்.

இவர் இடது கையால் சிலுவை அடையாளம் போட்டார். மணியைத் தடவினார். மூச்சை இழுத்தார்.

“அருள்” என்றார்.

பிறகு நிற்கவில்லை. அடுத்த சொல், அதற்கு அடுத்த சொல், பாதி செபமும் ஒரு கயிற்றில் கோத்தது போல வந்தது. வாய் கோணியிருந்ததால் சில எழுத்துகள் நசிந்தன. ஆனால் குரல் அதே குரல். கரையில் ஏலம் கூறிய குரல், இரண்டாம் மாடியிலிருந்து கதவு திறக்கச் சொன்ன குரல். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை மயிர் சிலிர்த்தது. இதைச் சொல்லும்போது இப்போதும் சிலிர்க்கிறது, பேத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தன் பாதியை முடித்துவிட்டு நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். புருவத்தை உயர்த்தி, “ம்?” என்றார்.

நான் பதில் சொல்ல மறந்துபோனேன்! தினமும் இரண்டு பாதி சொன்னவளுக்கு ஒரு பாதியும் வரவில்லை. பேத்திதான் முதலில் தொடங்கினாள், நான் அழுதழுது சேர்ந்துகொண்டேன். அடுத்த மணிக்கு மீண்டும் இவர் தொடங்கினார். மாலையின் பத்து மணிகளையும் சொல்லி முடித்தோம்.

“புதுமை, அற்புதம்” என்றேன். “மாதாவின்ரை புதுமை.”

அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கம் சொன்னாள். மனப்பாடமானதும் பாட்டும் மூளையில் வேறு ஒரு அறையில் இருக்குமாம். பேச்சு இருந்த அறையின் கதவு இறுகிவிட்டது. இனி இந்த அறைக்குள்ளால் மெல்ல மெல்ல அந்த அறைக்குப் போகப் பார்க்க வேண்டுமாம். சுகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், நாளைக்கும் தண்ணீருக்குத் தோதான் வரும் என்றாள்.

“மூளையாம், புதுமை இல்லையாம்” என்றேன் பேத்தியிடம்.

“ரெண்டும் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன், அம்மம்மா.”

அவள் சொன்னது போலவே அடுத்த நாள் தண்ணீருக்குத் தோதான் வந்தது. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்புவது நின்றது. அந்தப் பிள்ளை செபத்தின் இழுப்பிலேயே சொற்களைச் சொல்லிக் கொடுத்தாள். இவருடைய இடது கையைப் பிடித்துத் தொடையில் தட்டித் தட்டி, “தண் – ணி” என்று தானே தமிழில் இழுப்பாள். அவள் சொல்லும் தண்ணியைக் கேட்டு இவர் சிரித்துவிட்டுச் சரியாகச் சொல்லப் பார்ப்பார். எனக்கும் ஒரு கட்டளை போட்டாள். கேட்கும் முன் எதுவும் கொடுக்கக் கூடாது. தேத்தண்ணியைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கட்டின மனிசனைக் கேட்க வைத்துக் கொடுப்பதா? எங்கள் ஆட்கள் அறிந்தால் என்ன சொல்வார்கள்? முதல் நாட்களில் குசினிக்குள் போய் நின்று என் கையை நானே பிடித்துக்கொள்வேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். மீன் சொதியும் சோறும் போட்டுக் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பினேன்.

“உப்பு” என்று பின்னால் கேட்டது.

நான் அசையவில்லை.

“உப்பு... இல்லை.”

“டொக்டர் உப்புக் குறைக்கச் சொன்னவரெல்லோ!” என்று பாய்ந்தேன். “ஒரு நுள்ளுக்கு மேலை போடமாட்டன், சொல்லிப்போட்டன்!”

“இஞ்சாரும்” என்றார். கரண்டியைக் கீழே வைத்தார். தொடையில் தட்டினார். “உப்பு. காணாது.”

அப்போதுதான் என் காதில் விழுந்தது. சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம்! படம் இல்லை, செபம் இல்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. தன் மனதிலிருந்து எடுத்து, உப்புப் போதாதென்று என் சமையலைக் குறை சொல்கிறார். நான் உப்புப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மூன்றாம் மாடிக் கிழவி வந்து மணி அடித்தாள்.

வெள்ளிக்கிழமை இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை கைதட்டித் துள்ளினாள். “உப்பு” என்று தானும் சொல்லிப் பார்த்தாள். நல்லாய் வந்தது. காசுதான் வாங்கமாட்டாள், நான் சுட்ட உளுந்து வடையை வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் யாரும் வெறும் கையோடு படி இறங்கியதில்லை.

பிறகொரு நாள் மகளைக் கேட்டேன், இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று. எல்லோருடைய சம்பளத்திலிருந்தும் மாதாமாதம் பிடிப்பதிலிருந்து என்றாள். எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. சம்பளம் வருகிற நாள்களில் இவர் படியேறும்போதே சத்தம் போடுவார், “பிடிச்சுப்போட்டாங்கள், பிடிச்சுப்போட்டாங்கள்! எங்கை போகுதோ ஆண்டவருக்குத்தான் தெரியும்!” அது எங்கே போனது என்று இப்போது எனக்கும் தெரியும். கோப்பை கழுவின தண்ணீரோடு போகவில்லை. அவருடையதும், கீழே கடைக்காரப் பெண்ணுடையதும், எனக்கு முகம் தெரியாத கோடிச் சனத்தினுடையதும் எங்கோ ஓரிடத்தில் சேர்ந்திருந்து, கையில் சைக்கிள் தொப்பியோடு நாலு மாடி ஏறி வந்து, ஒரு கிழவன் தன் மனிசியிடம் உப்புக் காணாது என்று சொல்வதற்காகத் தொடையில் தட்டித் தாளம் போட்டது. பெரிய கோவில்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். இதைப் போல ஒன்றின் முன்னால் தலை குனிந்ததில்லை.

இன்றும் அவருக்கு எல்லாச் சொல்லும் வருவதில்லை. வருவது வரட்டும், நான் காத்திருக்கிறேன். காத்திருந்தால் ஒரு மனிதனுக்குள்ளே இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த மாதங்கள் எனக்குக் காட்டிவிட்டன.

சரி மகள், எழுதினது காணும், இனி நிறுத்து. முதலிலிருந்து வாசி பார்ப்பம். உரத்து வாசி, தாத்தாவுக்கும் கேட்கட்டும். எங்கேயாவது பிழை இருந்தால் அவரே சொல்லட்டும், நான் வாயைத் திறக்கமாட்டேன்.